வெட்டியா, ஒட்டியா

வாம்மா, உட்காரு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உட்காரு. கதவைச் சாத்திடு. காத்து வேணும்னா ஃபேனைக் கூட்டிக்கலாம், கதவு சாத்தியே இருக்கட்டும். காரணம் சொல்றேன்.

நீ அனுப்பின புரூஃபைப் படிச்சேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. நாற்பது வருஷம் கோர்ட்டுல நின்னவன் நான். ஒரு காகிதத்தை மூணு தடவை படிக்காம வாயைத் திறக்க மாட்டேன். எதுக்குச் சிரிக்கிறே? சரி, சிரி.

மலர் நல்லா வந்திருக்கு. நம்ம பேச்சு மன்றத்துக்கு நூறு வருஷம், மலருக்கு நூத்தறுபது பக்கம், போட்டோ எல்லாம் தெளிவா இருக்கு. என் தகராறு ஒரே ஒரு பக்கத்தோடதான். பக்கம் நாற்பத்தேழு. அங்க ஒரு கட்டம் கட்டி, "மன்றத்தில் ஒரு சுவையான நிகழ்ச்சி"ன்னு போட்டிருக்கீங்க. சுவையான! இது என்ன கேசரியா, சுவையா இருக்க? படிக்கிறேன் கேளு. "1969ஆம் ஆண்டு, மாணவியருக்கு மன்றப் பொறுப்புகள் வழங்கும் தீர்மானத்தை எதிர்த்துப் பேச வேண்டிய தணிகாசலம், ஈரத்தில் எழுத்துக் கலைந்த சீட்டைத் தவறாகப் படித்து, ஆதரித்துப் பேசிவிட்டார். தீர்மானம் நிறைவேறியது." அவ்வளவுதான். நாலு வரி. கீழே ஒரு கார்ட்டூன் வேற. அந்த ஆள் நான்தானே? எனக்கு என்னிக்கும்மா அவ்வளவு பெரிய காது இருந்தது?

இந்தக் கட்டம் வரக் கூடாது. அதுக்காகத்தான் உன்னை வரச் சொன்னேன்.

மெதுவாப் பேசுறேன்னு பார்க்கிறியா? என் வீட்டம்மா உள்ளே அடுப்படியில இருக்கா. மங்கையற்கரசி. அவளும் நம்ம பல்கலைக்கழகம்தான், நம்ம மன்றம்தான். அந்தப் பேச்சு அன்னிக்கு ரெண்டாவது பெஞ்சுல உட்கார்ந்து கேட்டவ. நாலு வருஷம் கழிச்சு அவளுக்கு வரன் பார்த்தப்ப, மூணு ஜாதகம் வந்துது. ஒருத்தன் என்ஜினியர், ஒருத்தன் காலேஜ் வாத்தியார், மூணாவது நான், கறுப்புக் கோட்டு மாட்டி ஆறு மாசம்தான் ஆகியிருந்த ஜூனியர் வக்கீல். அவங்கப்பா என்ஜினியர்ங்கிறார். இவ கேட்டாளாம், "மூணாவது யாரு, தணிகாசலமா? அன்னிக்குப் பெண்களுக்காகப் பேசினாரே, அவரா? அப்ப அவரே இருக்கட்டும்." அந்தப் பேச்சு இல்லேன்னா எனக்கு மங்கை இல்ல. ஐம்பத்து மூணு வருஷமா அவ அந்தப் பேச்சை நம்பி இந்த வீட்டுல இருக்கா. உங்க கட்டத்தை அவ படிச்சா என்ன ஆகும்? அதான் விஷயம். இதை எழுதாதே.

இப்ப எழுதிக்கோ. மன்ற வரலாறு முதல் பதினஞ்சு பக்கத்துல சரியாச் சொல்லியிருக்கீங்க, ஆனா உயிர் இல்ல. முதல்ல இருந்தது இங்கிலீஷ் மன்றம். டை கட்டிக்கிட்டு நின்னு "மிஸ்டர் பிரசிடென்ட்"னு ஆரம்பிக்கணும். தலைப்பெல்லாம் சீமை விவகாரம். இங்க காவிரியில தண்ணி வரலேன்னு ஊரே கிடந்து தவிக்கும், உள்ளே பசங்க லண்டன் பார்லிமென்டைப் பத்தி மோதிக்குவாங்க. அப்புறம் தமிழ்ப் பிரிவுப் பசங்க பதினோரு பேர் கோவிச்சுக்கிட்டு வெளியே வந்து, ஹாஸ்டல் மெஸ்ல சாப்பாட்டு மேசை மேலயே தனி மன்றம் ஆரம்பிச்சாங்க. அதுதான் நம்ம மன்றம். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி. சாம்பார் வாசனையில தமிழ் வளர்த்தோம்னு சொல்லுவாங்க எங்க சீனியர்கள்.

அந்தப் பதினோரு பேர் வெச்ச விதிதான் சீட்டு. எந்தத் தலைப்புக்கும் ரெண்டு சீட்டு. ஒண்ணுல "ஒட்டி", ஒண்ணுல "வெட்டி". ஒட்டின்னா தீர்மானத்தை ஆதரிச்சுப் பேசணும், வெட்டின்னா எதிர்த்து. மெஸ் செம்புக்குள்ள போட்டுக் குலுக்குவாங்க. கையை விட்டு எடுக்கணும். எடுத்ததை யாருக்கும் காட்டக் கூடாது. பேசுறவன் வாயைத் திறக்கிற வரைக்கும் அவன் எந்தப் பக்கம்னு சபைக்குத் தெரியக் கூடாது. உன் சொந்தக் கருத்து என்னன்னு எவனும் கேட்க மாட்டான். சீட்டு சொன்னதுதான் உன் கருத்து. வீட்டுக்கு லீவுல போனா எங்கப்பா கேப்பார், "மன்றத்துல என்னடா பேசினே?" "வெட்டிப்பா." "அது தெரிஞ்சதுதானே"ம்பார்.

நான் எந்தப் பக்கமும் பேசுவேன். இதை எழுதிக்கோ. அந்தக் காலத்துல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. இருதயராஜ் ஒருத்தன் இருந்தான், தூத்துக்குடிப் பக்கம். அவன் நல்லாப் பேசுவான். நான் ஜெயிப்பேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

பெண்கள் விஷயத்துக்கு வரேன். நாங்க பெண்களை மதிக்கலேன்னு நாற்பத்தாறாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க. அபாண்டம். முன்வரிசையில ரெண்டு பெஞ்சு முழுசா அவங்களுக்குத்தான். ஃபேன் அந்தப் பக்கம்தான் இருந்தது. கடவுள் வாழ்த்து அவங்கதான் பாடணும். குணவதின்னு ஒருத்தி, கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு அவளைத்தான் குறிப்பெழுத உட்கார வெச்சோம். சீட்டு எழுதுறதும் அவதான். மேடையில ஏறிப் பேசுறது, தலைவர், செயலாளர் பதவி, இது மட்டும்தான் இல்ல. இதுல என்னம்மா மதிப்புக் குறைச்சல்?

அந்தக் குணவதிதான் தீர்மானம் கொண்டு வந்தா. "மாணவியரும் மன்றப் பொறுப்புகளுக்கு வரலாம்." எங்க செட்டுக்குப் பிடிக்கல. எனக்கும் பிடிக்கல, அதுல என்ன ஒளிவு மறைவு? ரெண்டு வாரம் உட்கார்ந்து தயார் பண்ணினேன். மன்றத்துல ரெண்டு பக்கமும் தயார் பண்ணிட்டுத்தான் வரணும். வெட்டிக்குப் பதினாலு பக்கம் எழுதினேன். ஒட்டிக்கு அரைப் பக்கம். வந்தா பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்.

அன்னிக்கு மெஸ்ல தண்ணி குடிக்க எவனோ அந்தச் செம்பை எடுத்திருக்கான். குடிச்சவன் துடைச்சு வைக்கல. அந்த ஈரத்துலயே சீட்டைப் போட்டுக் குலுக்கிட்டாங்க. நான் முதல் பேச்சாளர், நான்தான் முதல்ல கையை விட்டேன். எடுத்தேன். பிரிச்சேன். நீல மை, ஊறிப் போயிருக்கு. "ட்டி" மட்டும் தெளிவா இருக்கு. முன்னால ஒரு வட்டமா, வயிறு மாதிரி ஒண்ணு. நீயே சொல்லு, "வெ"யில கொம்பு கலைஞ்சு போய் "வ" மட்டும் நின்னு, அதுக்குக் கீழே ஒரு துளி மை ஒழுகினா எப்படி இருக்கும்? "ஒ" மாதிரிதானே இருக்கும்? எழுதிப் பாரு. எழுதிட்டு ஒரு சொட்டுத் தண்ணி விடு. பார்த்தியா? கண்ணுல குறை இல்ல. மையில குறை.

கேட்டிருக்கலாமேங்கிறே. யாரை? தலைவர்கிட்டப் போய், "ஐயா, இது என்ன எழுத்து?"ன்னா? அதுக்கு முந்தின வருஷம் புவியியல்ல படிச்ச ஒரு பையன் தலைப்புல ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டான். படிப்பு முடியற வரைக்கும் அவனை "அகராதி"ன்னுதான் கூப்பிட்டாங்க. தணிகாசலம் சந்தேகம் கேட்டான்னு ஒரு பேர் எனக்கு வரணுமா? மடிச்சுப் பாக்கெட்டுல போட்டேன். ஏறினேன்.

இரு. மிக்ஸி ஓடுது. இப்ப கொஞ்சம் சத்தமாப் பேசலாம்.

முதல் ரெண்டு நிமிஷம் தடவினேன். அரைப் பக்கம் அதுக்குள்ள தீர்ந்து போச்சு. கையில பதினாலு பக்கம் இருக்கு, எல்லாம் எதிர்ப்பு. அப்ப ஒண்ணு பண்ணினேன். அந்தப் பதினாலு பக்கத்துல நான் என்னென்ன எழுதியிருந்தேனோ, ஒவ்வொண்ணுக்கும் நானே பதில் சொல்ல ஆரம்பிச்சேன். என் வாதத்துல எங்க ஓட்டைன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? "முன்வரிசையில் இரண்டு பெஞ்சு கொடுத்தோம் என்கிறோம். பெஞ்சு கொடுத்தவர்கள் மேடையை ஏன் கொடுக்கவில்லை? கடவுள் வாழ்த்துப் பாடச் சொன்னோம். பாடி முடித்ததும் வாயை மூடச் சொன்னோம். கடவுளோடு பேசத் தகுதியுள்ளவர்களுக்கு நம்மோடு பேசத் தகுதியில்லையா? குறிப்பெழுத அவர்கள் கையெழுத்து வேண்டும். தீர்மானத்தின் அடியில் அவர்கள் கையெழுத்து வேண்டாமா?"

அந்தக் கையெழுத்து வரிக்குக் கைதட்டல் வந்துது பாரு, மெஸ் கூரையில இருந்த புறா எல்லாம் கிளம்பிடுச்சு. குறிப்பெழுதிக்கிட்டிருந்த குணவதி பேனாவை வெச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா. பின் பெஞ்சுல எங்க செட்டு வாயைப் பொளந்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. ஒரு விஷயம் சொல்றேன், இதை எழுதாதே. நாலாவது நிமிஷத்துல நான் சீட்டை மறந்துட்டேன். வெட்டி, ஒட்டி எல்லாம் மறந்து போச்சு. இது உண்மைதானே, இவ்வளவு நாள் இது ஏன் நமக்குத் தோணலேன்னு வெக்கமா இருந்தது. அந்த மூணு நிமிஷம் நான் சந்தோஷமா இருந்தேன். அதுக்கப்புறம் நாற்பது வருஷம் கோர்ட்டுல பேசியிருக்கேன். கொலைக் கேசுல ஜெயிச்சிருக்கேன். அந்த மூணு நிமிஷம் திரும்பி வரவே இல்ல.

ஏழாவது நிமிஷம் மணி அடிச்சுது. இறங்கினேன். அடுத்து இருதயராஜ். அவன் மூஞ்சி வெளிறிப் போயிருக்கு. ஏன்? அவன் கையில இருக்கிறது சுத்தமான, தெளிவான "ஒட்டி". அவனும் அதைத்தானே பேசணும்! அப்பவே எழுந்து "சீட்டு தவறு"ன்னு கத்தியிருக்கலாம். அவன் மேடையேறினான், மைக்கைப் பிடிச்சான். "தலைவர் அவர்களே, நண்பர் தணிகாசலம் என் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டார். நானும் ஒட்டுகிறேன்." இறங்கிட்டான். சபைக்கு என்ன தோணும்? வெட்டிப் பேச வந்தவனையே தணிகாசலம் கரைச்சுட்டான்னு தோணும். தோணுச்சு. எழுந்து நின்னு தட்டினாங்க. கை தூக்கி எண்ணினா நூத்திப் பதினாலுக்கு நூத்தி ஒண்ணு. எங்க செட்டுலயே பாதிப் பேர் கை தூக்கினான். கேட்டா, "நீயே சொல்லிட்டியேடா"ங்கிறான்.

அன்னிக்கு சாயங்காலம் ஹாஸ்டல்ல அந்தச் சீட்டைக் காய வெச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். கொம்போட தடம் லேசாத் தெரிஞ்சுது. கிழிச்சுப் போட்டுட்டேன். உங்க கட்டத்துக்கு விஷயம் கொடுத்தது குணவதியாத்தான் இருக்கும். அவளுக்கு எப்படித் தெரியும்னா, செம்பு ஈரமா இருந்ததைப் பார்த்திருக்கா, இருதயராஜ் மேசை மேல விட்டுட்டுப் போன சீட்டை அவ எடுத்துப் பார்த்திருக்கா. அது ஒட்டின்னா மிச்சம் இருந்தது என்ன? சின்னப் பிள்ளைக் கணக்கு. ஆனா அன்னிக்கு அவ வாயைத் திறக்கல. அடுத்த தேர்தல்ல செயலாளர் ஆனா.

மிக்ஸி நின்னு போச்சு. குரலைத் தாழ்த்திக்கிறேன்.

அடுத்த வருஷக் கதை உன் மலர்ல இல்ல. நான் எம்.ஏ. ரெண்டாவது வருஷம். மங்கை அதுக்குள்ள பி.ஏ. முடிச்சு, எம்.ஏ. படிக்க வேற ஊருக்குப் போயிட்டா, நல்ல வேளை. குணவதி மேல நான் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வந்தேன். ஏன்னு கேக்காதே. எனக்கு மேல அவ உட்கார்ந்திருக்கா, தாங்கல, அவ்வளவுதான். இந்தத் தடவை சீட்டு வேண்டாம், நேரடியாப் பேசுறேன்னேன். பதினாலு பக்கமும் பேசினேன். பதில் சொல்ல குணவதி எழுந்தா. சொந்தமா ஒரு வார்த்தை பேசல. பழைய குறிப்பேட்டைப் பிரிச்சு, என் பேச்சை, வரிக்கு வரி, கமா விடாம எழுதி வெச்சிருக்கா, அதைப் படிச்சா. கையெழுத்து வரி வந்தப்ப சபை முழுக்கச் சேர்ந்து சொல்லுது! தீர்மானம் தோத்துது. ஆனா என்னை யாரு ஜெயிச்சது? நான்தானே? என் பேச்சை வெல்ல என் பேச்சாலதான் முடிஞ்சுது. அதை எழுதிக்கோ வேணும்னா.

மங்கைக்கு இதெல்லாம் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால சொல்லணும்னு நினைச்சேன். பொண்ணு பார்க்கப் போனப்ப அவளே ஆரம்பிச்சா. "அந்தக் கையெழுத்து வரியைக் கேட்டப்ப அழுதுட்டேங்க"ன்னா. அதுக்கு மேல எப்படிம்மா சொல்றது? அப்புறம் குழந்தை குட்டின்னு ஆயிடுச்சு. அவளை நான் நல்லாத்தான் வெச்சிருக்கேன். வேலைக்குப் போறேன்னா, எம்.ஏ. முதல் வகுப்பு, காலேஜ்லயே வேலை வந்துது. நான்தான் வேண்டாம்னேன். இங்க என்ன குறை? லேடீஸ் கிளப்புல அவளைப் பேசக் கூப்பிடுவாங்க. அவ எதுக்குச் சிரமப்படணும்னு நானே எழுதிக் கொடுத்துடுவேன். படிச்சா போதும். ரெண்டு வருஷம் படிச்சா, அப்புறம் தொண்டை சரியில்லேன்னு விட்டுட்டா. எங்க பொண்ணு கூட ஸ்கூல்ல பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்தா. பெரிய பரீட்சை வர வருஷம், எதுக்கு வீண் வேலைன்னு நான்தான் நிறுத்தினேன். மத்தபடி நான் முற்போக்கு. அந்தப் பேச்சே சாட்சி.

அதனால கட்டத்தை எடுத்துட்டு இப்படிப் போடு. "தணிகாசலம், கொள்கைப் பிடிப்பால், தாமாகவே முன்வந்து..." எழுதிக்கோம்மா. ஏன் பேனாவை மூடுறே?

என்னது? அந்தக் கட்டத்தை ஏற்கெனவே எடுக்கச் சொல்லியாச்சா? யாரு சொன்னது? குணவதியா? எப்ப? நேத்தா? என்னன்னு சொன்னாங்க, அப்படியே சொல்லு, ஒரு வார்த்தை மாத்தாம. "சார் என்ன சொல்றாரோ அதையே போட்டுடுங்க... பாவம், வயசானவர்... எனக்கு ஆட்சேபணை இல்லை."

பாவமா? யாரு பாவம்?

எனக்கு விட்டுக்கொடுக்க அவ யாரு? கேக்குறேன், யாரு? அறுபத்தொன்பதுல வாயை மூடிக்கிட்டு எனக்கு ஒரு சலுகை. எழுபதுல என் பேச்சையே படிச்சு எனக்கு ஒரு சலுகை. இப்ப எழுபத்தெட்டு வயசுல இன்னொண்ணா? என் பேச்சு குணவதி போட்ட பிச்சைன்னு ஊர் சொல்லணுமா? முடியாது. ஒரு நாளும் முடியாது. பேனாவைத் திற. எழுது. அந்தக் கட்டம் இருக்கட்டும். "சுவையான"ங்கிறதை மட்டும் அடி. என் பேரை முழுசாப் போடு, வி. தணிகாசலம், எம்.ஏ., பி.எல். நான் எடுத்த சீட்டு வெட்டி. ஆமா, வெட்டி! வெட்டிதான்! நான்தான் தப்பாப் படிச்சேன்! தப்பாப் படிச்சேன், ஆனா தப்பாப் பேசல! ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடு. எவ பாவம் பார்க்கிறான்னு பார்க்கிறேன்!

கத்திட்டேனா?

கதவு ஏன் திறந்திருக்கு? மங்கை... நீ எப்ப வந்தே? காபியைக் கீழே வை, சிந்துது பாரு. இல்ல, அது வந்து, பழைய விஷயம், மன்ற மலருக்காக... அந்தச் செம்புல ஈரம் இருந்துது, மை கலைஞ்சு போச்சு... உன்கிட்டச் சொல்லணும்னுதான்...

போயிட்டா.

பார்த்தியாம்மா? டம்ளரை வெச்சா. என்னை மேலயும் கீழயும் ஒரு தடவை பார்த்தா. "அதானே பார்த்தேன்"னா. அவ்வளவுதான். திரும்பிப் போயிட்டா.

என்னத்தைப் பார்த்தாளாம்? கோபமும் இல்ல, அழுகையும் இல்ல. ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருந்த ஒண்ணு எங்க போச்சுன்னு தெரிஞ்ச மாதிரி ஒரு மூஞ்சி. ஐம்பத்து மூணு வருஷமா இந்த வீட்டுல என்னத்தைப் பார்த்துக்கிட்டிருந்தா இவ? மங்கை! சொன்னதுக்கு விளக்கம் சொல்லிட்டுப் போ! மங்கை!

வர மாட்டா.

நீ என்னம்மா எழுதறே? காட்டு. "அதானே பார்த்தேன்." இதை எதுக்கு எழுதறே? பேட்டி என்னோடது. பேசினது நான். அவ சொன்னதெல்லாம் பதிவுக்கு இல்ல.

அடி. அதை அடிச்சிடு.